சாப்பிடுற கிரீஸ் இருக்கா நானா?

2023 தொடக்கத்தில், கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் விற்கும் ஒரு முஸ்லிம் நானாவிடம் இப்படித்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "சாமான் விலை ஏறினது தெரியும் தம்பி. சனம் கிரீஸ் திங்கிற அளவுக்கா வந்துட்டுது?" என்றார்.

அந்த நேரத்தில் அது வெறும் பகிடி இல்லை. 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவில் கட்டி வைத்திருந்த டொலரை அவிழ்த்துவிட, இரண்டே மாதத்தில் அது 360 பக்கம் போய்விட்டது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசு அறிவித்தது. சாமான் இறக்க எல்சி, அதாவது வங்கியின் கடனுறுதிக் கடிதம், திறக்கப் போனவர்களிடம் வங்கிகள் கையை விரித்தன. அந்த நெருக்கடியின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் சாதாரணக் கிரீஸைவிட நான்கு மடங்கு விலையுள்ள ஒரு கிரீஸைத் தேடி நான் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

இன்று அதே கடையில், பூட்டும் பிணைச்சலும் தொங்குகிற சுவருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தட்டு இருக்கிறது. மேலே உணவுத் தொழிற்சாலைக்கான கிரீஸ் குழாய்கள், கீழே தேன்மெழுகுக் கட்டிகளும் ஒரு மூட்டை கார்னோபா மெழுகும். அந்தத் தட்டு எப்படி வந்தது என்பதுதான் நான் சொல்லப்போகும் விஷயம். ஆலைக்கும் கடைக்கும் பெயர் வேண்டாம். இரண்டு பக்கமும் ஆலோசகனாக வேலை செய்தேன், இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினேன்.

கறுப்பாக ஒரு கோடு

ஆலை வத்தளைப் பக்கம். முதலாளியின் அப்பா கொட்டாஞ்சேனையில் ஒரேயொரு அரைவை மெஷினோடு ஆரம்பித்தது. இப்போது நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். கறித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள், மல்லி, மிளகு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 300 தொன் அளவில் போகும். பெரும்பகுதி லண்டன், பாரிஸ், டொரொன்டோ தமிழ்க் கடைகளுக்கு. அந்தக் கடைக்காரர்கள் இருபது வருடமாகக் கேட்டது மூன்றே மூன்று: உறைப்புக் குறையக் கூடாது, முடிவுத் திகதி தூரத்தில் இருக்க வேண்டும், பார்கோட் ஒழுங்காக ஒட்டியிருக்க வேண்டும்.

பிறகு இங்கிலாந்தில் ஒரு விநியோகஸ்தர், உங்கள் தூளைப் பெரிய சுப்பர்மார்க்கெட்டில் வைக்கலாம் என்றார். அதற்கு பிஆர்சிஜிஎஸ் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். முதலாளி துணிந்து இறங்கினார். தரைக்கு எபொக்சி பூசினார், ஜன்னலுக்கு வலை அடித்தார், எல்லோருக்கும் தலைமூடி வாங்கிக் கொடுத்தார்.

சான்றிதழுக்காகச் சோதிக்க வந்த ஓடிட்டர் தரையைப் பெரிதாகப் பார்க்கவில்லை. கலவை மெஷினின் தண்டு தொட்டிக்குள் நுழையும் இடத்தில் வெள்ளைத் துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். துணியில் கறுப்பாக ஒரு கோடு.

"இது என்ன கிரீஸ்?"

"கிரீஸ்தான் சேர்," என்றார் பாஸ்.

பாஸ் என்றால் முதலாளி இல்லை. கொழும்பில் மேசன், தச்சர், மெக்கானிக் எல்லாரும் பாஸ்தான். இவர் முப்பது வருடமாக அந்த ஆலையின் மெஷின்களைப் பிள்ளைபோலப் பார்த்தவர். சத்தத்தைக் கேட்டே எந்தப் பெயாரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஓடிட்டரை ஸ்டோருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். லேபல் உரிந்த அரை பரல், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கியது. மொலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ். ஆலை லொறியின் சில்லுக்குப் போடுவதும் அதே பரலில் இருந்துதான். லொறிக்கு அது அருமையான கிரீஸ் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

பெரிய குறை என்று எழுதப்பட்டது. 28 நாட்களுக்குள் திருத்தி ஆதாரம் அனுப்ப வேண்டும். முதலாளி என்னை அழைத்தது மூன்றாம் நாள்.

தவறிப் பட்டால்

இங்கே ஒரு சொல் தொல்லை. நம் பத்திரிகைகளில் 'மசகெண்ணெய் விலை சரிவு' என்று வந்தால் அது கிணற்றிலிருந்து எடுக்கிற கச்சா எண்ணெய். மெஷினுக்கு விடுவதையும் புத்தகத்தில் மசகெண்ணெய் என்றே எழுதுகிறார்கள். கடையில் யாரும் இரண்டையும் சொல்வதில்லை. தண்ணியாக இருந்தால் ஒயில், கட்டியாக இருந்தால் கிரீஸ். நானும் அப்படியே எழுதுகிறேன்.

உணவு ஆலைகளில் போடும் ஒயில், கிரீஸ்களை அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஒரு காலத்தில் வகை பிரித்து அங்கீகரித்தது. 1998இல் அந்த வேலையை அது கைவிட, அடுத்த வருடம் என்எஸ்எஃப் என்ற அமைப்பு அதே வகைகளோடு பதிவுமுறையை எடுத்து நடத்தத் தொடங்கியது. எச்1 என்றால் உணவில் தவறிப் படக்கூடிய இடத்துக்கு. எச்2, உணவு படவே வழியில்லாத இடத்துக்கு. எச்3, கொக்கி, தள்ளுவண்டி துருப்பிடிக்காமல் பூசும் உண்ணக்கூடிய எண்ணெய்கள். 3எச் என்று தலைகீழாக ஒன்றும் உண்டு. அது பாண் அச்சில் பூசுவதுபோல உணவை நேரே தொடுகிற எண்ணெய்.

எச்1 கிரீஸைத் தின்னலாம் என்று யாரும் சொல்லவில்லை. கனிம எண்ணெயில், அதாவது பெற்றோலியத்திலிருந்து எடுக்கிற எண்ணெயில், செய்த எச்1 உணவில் பட்டால்கூட, ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க விதி. அதில் சேர்க்கும் ஒவ்வொரு சேர்மானமும் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். நானாவிடம் இதையெல்லாம் விளக்கியபோது அவர் கேட்ட முதல் கேள்வி என் பட்டியலிலேயே இல்லாதது: "ஹலாலா?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. கிரீஸ் என்பது எண்ணெயும் அதைப் பிடித்து வைக்கிற ஒருவகைச் சவர்க்காரமும். அந்தச் சவர்க்காரம் செய்கிற கொழுப்பமிலம் தாவரத்திலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். சைவமான முதலாளிக்கும் முஸ்லிம் கடைக்காரருக்கும் ஒரே பேப்பர் தேவைப்பட்ட இடம் அது. எச்1 செய்கிற பல நிறுவனங்கள் ஹலால் சான்றிதழையும் யூதர்களுக்கான கோஷர் சான்றிதழையும் சேர்த்தே வைத்திருக்கின்றன.

இன்னொரு பிழையும் அப்போது நடந்துகொண்டிருந்தது, இப்போதும் நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் உணவுக் கிரீஸ் என்று நினைப்பது. பஞ்சிகாவத்தையில் வெள்ளை லித்தியம் கிரீஸ் தாராளமாகக் கிடைக்கும். கதவுப் பிணைச்சலுக்கு நல்லது. நிறம் எந்தச் சான்றிதழும் இல்லை. டின்னில் எச்1 என்ற எழுத்தும் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும். அந்த இலக்கத்தை என்எஸ்எஃப் வெளியிடும் வெள்ளைப் புத்தகத்தில் யாரும் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். 'அமெரிக்க விவசாயத் திணைக்கள அங்கீகாரம்' என்று மட்டும் இருந்தால் அந்த லேபல் 1998இலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோக்குக் கட்டியும் 61 புள்ளிகளும்

28 நாளில் பாதிக்கு மேல் கிரீஸ் வாங்குவதில் போகவில்லை, எங்கே போடுவது என்று கண்டுபிடிப்பதில் போனது. நானும் பாஸும் ஆளுக்கொரு சோக்குக் கட்டியோடு ஆலையைச் சுற்றினோம். எண்ணெய் காணும் இடமெல்லாம் ஒரு பச்சை வட்டம், அது உணவுக்கு மேலேயோ ஒட்டியோ இருந்தால் சிவப்பு வட்டம். மொத்தம் 61 இடம். அதில் 23 சிவப்பு.

பாஸின் தலைக்குள் இருந்த வரைபடம் அன்றுதான் முதன்முதலாகப் பேப்பரில் வந்தது. எந்தப் பெயாரிங்குக்கு எத்தனை தடவை பம்ப் பண்ணுவது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் கிழமை மெஷினுக்கும் காய்ச்சல்தான்.

ஓடிட்டரின் கண்ணில் பட்டது கலவை மெஷின். எங்களைத் திடுக்கிட வைத்தது அது இல்லை, கொம்ப்ரஸர். ஆலையின் பின்புறக் கொட்டகையில் இருந்து வருகிற காற்றுத்தான் பொதி செய்யும் மெஷினில் ஒவ்வொரு பையின் வாயையும் ஊதித் திறக்கிறது. கொம்ப்ரஸருக்குள் சாதாரண ஒயில். அதன் மெல்லிய தூவல் காற்றோடு வந்து ஒவ்வொரு பைக்குள்ளும் இறங்குகிறது. முப்பது வருடமாக யாரும் அதை எண்ணெய் இருக்கிற இடமாகவே நினைக்கவில்லை, பாஸ் உட்பட. எச்1 கொம்ப்ரஸர் ஒயிலும் குழாய் முடிவில் ஒரு நல்ல வடிகட்டியும் போட்டோம்.

ஸ்டோரில் ஒன்பது வகை ஒயிலும் கிரீஸும் இருந்தன. நான்காகக் குறைத்தோம்: ஒரு கிரீஸ், கியர்பொக்ஸுக்கு 220 தடிப்பு ஒயில், கொம்ப்ரஸர் ஒயில், செயின் ஒயில். பச்சை வட்டம் போட்ட இடங்களுக்கு எச்2 வாங்கிப் பணம் மிச்சம் பிடிக்கலாமே என்றார் முதலாளி. வேண்டாம் என்றேன். இரண்டு கிரீஸ் கன் இருக்கிற ஆலையில் என்றைக்காவது ஒரு நாள் தவறான கன் சரியான இடத்துக்குப் போகும்.

விலையைப் பார்த்ததும், "என்ன தம்பி, கிரீஸா வெண்ணெயா?" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வருடத்துக்குச் சுமார் 20 கிலோ கிரீஸ், 80 லீற்றர் ஒயில். பழையதைவிடக் கூடுதலாக வரும் செலவு நாலரை இலட்சம் ரூபா. 300 தொன்னை 100 கிராம் பைக்கற்றாகப் பிரித்தால் 30 இலட்சம் பைக்கற். ஒன்றுக்கு 15 சதம். முதலாளி கல்குலேட்டரை இரண்டாம் தரம் தட்டினார். பிறகு அவர் விலையைப் பற்றிப் பேசவேயில்லை.

பேசியது நானா. அவருடைய முகம் வாடிவிட்டது. "வருசத்துக்கு 20 கிலோவா? அதுக்கா தம்பி இந்த ஓட்டம்?"

என் பிழை

சான்றிதழ் கிடைத்தது. மூன்றாவது கிழமை கலவை மெஷினின் பெயாரிங்கிலிருந்து புதுக் கிரீஸ் கூழாக உருகி வழிந்தது. ஒரு தொட்டி மிளகாய்த்தூளை அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று. எச்1 என்பதால் விஷம் இல்லை, ஆனால் வழிந்ததைத் தவறிப் பட்டது என்று சொல்லவும் முடியாது.

நான் வாங்கிக் கொடுத்தது அலுமினியம் கொம்ப்ளெக்ஸ் கிரீஸ். தண்ணீருக்கு நன்றாக நிற்கும், உணவு ஆலைகளில் பரவலாகப் போடுவது. உள்ளே ஏற்கனவே இருந்தது சாதாரண லித்தியம் கிரீஸ். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. கலந்தால் எண்ணெயைப் பிடித்து வைக்கிற சவர்க்காரம் தளர்ந்து, கிரீஸ் தண்ணீராகிவிடும். பெயாரிங்கைக் கழற்றிக் கழுவிவிட்டுப் போட வேண்டும். 28 நாள் அவசரத்தில், புதுக் கிரீஸைப் பம்ப் பண்ணிப் பழையதை வெளியே தள்ளினால் போதும் என்று சொன்னது நான்தான். பாஸ் அப்போதே முகத்தைச் சுளித்தார். அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஆலையில் ஒரு காரியம் நடந்தது. மேற்பார்வை செய்கிற தம்பி ஒருவர், கெமிக்கல் கிரீஸே வேண்டாம், இயற்கையாகத் தேங்காயெண்ணெய் விடுவோம் என்று உலர்த்தியின் செயினுக்கு விட்டுப் பார்த்தார். என் மேல் நம்பிக்கை போயிருந்த நேரம், நானும் வாயைத் திறக்கவில்லை. முதல் கிழமை நன்றாக ஓடியது. பிறகு சிக்குப் பிடித்த வாசம், அதன் பிறகு பித்தளைப் புஷ்களில் பச்சைக் களிம்பு. ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் தேங்காயெண்ணெய் உடைந்து கொழுப்பமிலமாகிறது, அந்த அமிலம் பித்தளையை அரிக்கிறது. நல்லெண்ணெய் விட்டிருந்தால் வேறு கூத்து: அது காற்றுப் பட்டுப் பட்டு வார்னிஷ்போலப் பிசினாகி ஒட்டும். வீட்டுத் தாச்சியின் வெளிப்பக்கம் உரசினாலும் போகாத அந்த மஞ்சள் படலம்தான். கதவுப் பிணைச்சலுக்கும் தையல் மெஷினுக்கும் ஒரு சொட்டு விட்டுப் பழகிய கை, 80 பாகை சூட்டில் நாள் முழுக்க ஓடுகிற செயினுக்கும் அதையே விடப் பார்க்கிறது.

சாக்கு

2024இல் பாரிஸ் வாடிக்கையாளர் ஒருவர் வேறொரு சோதனை கேட்டார்: கனிம எண்ணெய் எச்சம். ஆய்வுகூட மொழியில் இதற்கு இரண்டு பெயர், மோஷ், மோவா. மோஷ் உடலில் தேங்குகிற நிறைவுற்ற வகை. மோவா வளைய வடிவ வகை. அதில் மூன்றும் அதற்கு மேலும் வளையமுள்ளவை புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு உரியவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2012இல் இதைப் பற்றி எழுதியது, 2023இல் புதுப்பித்தது. இடையில் 2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் மோவாவுக்கு எல்லை வைத்தன. கொழுப்புக் குறைந்த உலர் உணவில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 4 வீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தால் 1, பாதிக்கு மேல் கொழுப்பு என்றால் 2. அமெரிக்காவின் 10 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

கிரீஸ், ஒயில் எல்லாம் மாற்றியாயிற்று, பயமில்லை என்றிருந்தோம். கறித்தூளின் அறிக்கை எல்லைக்கு மேலே வந்தது. முதலாளி என்னை முறைத்தார். எனக்கும் புரியவில்லை.

கண்டுபிடித்தது மறுபடி பாஸ்தான். மல்லிச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தவர், "சேர், இந்தச் சாக்கு மண்ணெண்ணெய் மாதிரி மணக்குதே," என்றார். சணல் நாரை நூற்கும்போது மிருதுவாக்க ஒரு எண்ணெய் தெளிப்பார்கள். மலிவான சாக்கில் அது கனிம எண்ணெய். கொக்கோ, கோப்பி, ஹேசல்நட் சாக்குகளில் இந்தப் பிரச்சினை 1990களிலேயே வெளிப்பட்டு, தாவர எண்ணெய் தெளித்த உணவுத்தரச் சாக்குக்கென்று 1998இல் சர்வதேச சணல் அமைப்பு ஒரு தரத்தையும் எழுதி வைத்திருக்கிறது. நம்முடைய மல்லி அந்தத் தரம் இல்லாத சாக்கில் மாதக்கணக்காகக் கிடந்து வந்திருந்தது. கொள்வனவில் உணவுத்தரச் சாக்கு என்று எழுதிக் கேட்கத் தொடங்கிய பிறகு அறிக்கை எல்லைக்குள் இறங்கியது.

இதில் எச்1 கொம்பனிகளுக்கும் ஒரு தலைவலி இருக்கிறது. எச்1க்கு அடிப்படையாகப் போடுகிற வெள்ளை எண்ணெயில் மோவாவைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். மீதி இருப்பது முழுவதும் மோஷ். செயற்கையாகச் செய்த பிஏஓ எண்ணெயும் அதே சோதனையில் மோஷ் மாதிரியே தலைகாட்டும். ஆகவே ஐரோப்பாவில் சோதனை இறுக இறுக, தாவரக் கொழுப்பமிலங்களில் இருந்து செய்கிற எஸ்டர் வகைகளுக்கு மவுசு கூடுகிறது. தேங்காயெண்ணெய் தோற்ற செயினில் இப்போது ஓடுவது அப்படியொரு எஸ்டர் ஒயில்தான். சூட்டைத் தாங்கும்படி வேதியியலில் திருத்தி எடுத்தது. தாவர எண்ணெய் மெஷினுக்குப் புதிதுமில்லை. காஸ்ட்ரோல் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதானே.

நானாவின் கணக்கு

சந்தை ஆய்வு அறிக்கைகள் உலகளவில் இந்தத் துறைக்கு ஒவ்வொரு வளர்ச்சி வீதம் சொல்கின்றன. நான் பார்ப்பது நானாவின் கடன் கொப்பி. 2023இல் அதில் உணவுக் கிரீஸுக்கு ஒரே ஒரு பெயர், எங்கள் ஆலை. அந்த வருடக் கடைசியில் ஆறு. இப்போது முப்பது சொச்சம்: பேலியகொடைப் பக்கம் தேயிலைப் பொதி செய்கிறவர்கள், மீன் பதனிடுகிறவர்கள், கறுவா ஏற்றுமதியாளர்கள், இரண்டு பிஸ்கட் ஆலைகள், நீர்கொழும்புப் பக்கம் ஒரு தேங்காய்ப்பூ ஆலை.

பெயர்கள் முப்பது மடங்கு கூடினாலும் கிலோக்கணக்கு அப்படிக் கூடவில்லை. ஒரு ஆலை 18 கிலோ வாளி ஒன்றை வாங்கினால் மறுபடி வர ஒரு வருடம் ஆகும். லொறிக் கிரீஸ் விற்ற பழக்கத்தில் முதலில் ஏழு வாளி இறக்கி வைத்துவிட்டு நானா தலையில் கை வைத்தார். இலங்கையில் ஒயில் இறக்குமதி அரசு அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்தான், 2006இலிருந்து பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதைக் கண்காணிக்கிறது. நானா அனுமதி பெற்ற ஒருவரிடம் வாங்கி விற்கிறவர். இலாப விளிம்பு மெல்லியது.

அவரைக் காப்பாற்றியது சோக்குக் கட்டிதான். வத்தளை ஆலையில் நாங்கள் போட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதை நீ எல்லாருக்கும் போட்டுக் குடு தம்பி, காசை நான் வாங்கித் தாரேன்," என்றார். இப்போது அவர் விற்பதில் முதலில் போவது வரைபடம், பின்னால் வருவது கிரீஸ். ஆலைக்குப் போய் ஒரு நாள் சுற்றி, புள்ளி குறித்து, எந்த இடத்துக்கு எந்தக் குழாய், எத்தனை பம்ப், எத்தனை கிழமைக்கொருமுறை என்று தகரத்தில் அடித்துக் கொடுக்கிறோம். டின் விலையை மட்டும் பார்த்து இந்த வியாபாரத்தில் இறங்கிய இரண்டு பேர் ஏற்கனவே விட்டுவிட்டுப் போனதைப் பார்த்தேன்.

வாங்குகிற முப்பது பேரில் உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் விற்கிறவர் எத்தனை பேர் என்று ஒருநாள் கொப்பியைப் புரட்டினோம். இரண்டு பேர். மற்ற எல்லோரும் எங்கோ ஒரு ஐரோப்பிய வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வாங்குகிறார்கள். வெள்ளவத்தையில் நாம் வாங்குகிற தூளை அரைத்த மெஷினுக்கு என்ன கிரீஸ் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

கீழ்த் தட்டு

மெழுகு நானாவின் திட்டத்தில் இருந்ததில்லை. தெகிவளையில் தேக்கிலும் தென்னை மரத்திலும் வெட்டுப்பலகை, அகப்பை செய்து உல்லாசப் பயணிகளுக்கு விற்கிற ஒரு பெண் கடைக்கு வந்து, உணவு படுகிற மரத்துக்கு மெழுகு கேட்டார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் மெழுகுதிரிக்காரருக்கு வருகிற மூட்டையில் வாங்கலாமே என்றார் நானா. அது பரபின், பெற்றோலியம் என்றார் அந்த அக்கா. அவருடைய வாடிக்கையாளர்கள் ஜேர்மன்காரர். பெற்றோலியம் என்ற சொல்லைக் கேட்டாலே ஓடுவார்கள்.

சரி என்று தேன்மெழுகு தேடினோம். தேன்மெழுகில் பரபின் கலப்பது உலகம் முழுக்க நடக்கிற கைங்கரியம். முதலில் வந்த மூட்டையை நான் ஒரு சிறு குழாயில் உருக்கிப் பார்த்தேன். நல்ல தேன்மெழுகு 62இலிருந்து 64 பாகைக்குள் உருகும். இது 57இலேயே இளகத் தொடங்கிவிட்டது. திருப்பி அனுப்பினோம். இலங்கையில் பத்திக் செய்கிறவர்கள் காலகாலமாக இரண்டையும் வேண்டுமென்றே கலப்பவர்கள். துணியில் அந்த வெடிப்புக் கோடுகள் வர பரபின்தான் வேண்டும். வெட்டுப்பலகைக்கு அந்த நியாயம் செல்லாது.

கார்னோபா அடுத்து வந்தது. பிரேசிலின் வடகிழக்கில் வளரும், நம் பனைபோல விசிறி ஓலை விரிக்கிற ஒரு மரம். வறண்ட காலத்தில் ஓலையை வெட்டிக் காயவைத்து, அடித்துத் தூளாக எடுப்பார்கள். 82 பாகைக்கு மேல்தான் உருகும், அவ்வளவு கெட்டி. தேன்மெழுகோடு கொஞ்சம் சேர்த்தால் பலகையில் கை ஒட்டாது. வணிக அளவில் பிரேசிலைத் தவிர வேறெங்கும் கிடையாது, ஆகவே அங்கே மழை பொய்த்தாலும் விலை ஏறும், நன்றாகப் பெய்தாலும் ஏறும். 2017இல் அந்தத் தோட்டங்களில் தொழிலாளர் அடிமைபோல நடத்தப்படுவதை ஒரு ஜேர்மன் தொலைக்காட்சி காட்டியதிலிருந்து, எந்தத் தோட்டம் என்ற பேப்பரும் கூடவே வர வேண்டியிருக்கிறது. இயற்கை என்ற சொல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

புறக்கோட்டை நடைபாதையில் ஆப்பிளைக் கத்தியால் சுரண்டி, 'பாருங்கள் மெழுகு' என்று காட்டுகிற காணொளி வருடம் தவறாமல் வட்ஸ்அப்பில் வரும். பெரும்பாலும் அது இந்தக் கார்னோபாவோ அரக்கோதான். 903, 904 என்று இலக்கம் போட்டு அனுமதித்தவை. ஆப்பிளே தன் தோலில் கொஞ்சம் மெழுகு சுரக்கிறது. கரும்புக் கணுவில் வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சின்ன வயதில் விரலால் தேய்த்திருப்பீர்களே, அதுவும் மெழுகு.

மேல் தட்டும் கீழ்த் தட்டும் சந்திக்கிற இடம் கிராண்ட்பாஸில் ஒரு பேக்கரி. அச்சுப் பாண் தகரங்களில் மிச்ச எண்ணெயைத் துணியால் பூசிப் பூசி உட்பக்கமெல்லாம் கரித்தோல் பிடித்திருந்தது. தாவர எண்ணெய், லெசித்தின், கொஞ்சம் மெழுகு கலந்த 3எச் வகைப் பூச்சு ஒன்றைக் கொடுத்தோம். பூச வேண்டிய அளவு பாதிக்கும் கீழே இறங்கியது, பாண் கழன்று விழுகிறது. அந்த முதலாளிக்கு ஓடிட்டரும் இல்லை, பாரிஸும் இல்லை. தகரம் சுரண்டுகிற பையனின் சம்பளம் மிச்சம் என்று வாங்குகிறார். கொப்பியில் இருந்த அந்த இரண்டு உள்ளூர்ப் பெயர்களில் ஒன்று அவருடையது.

ஹோர்லிக்ஸ் போத்தல்

இரண்டாவது பெயர் வெள்ளவத்தையில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. மாவு அரைக்கிற கிரைண்டரின் தண்டுக்குக் கொஞ்சம் கிரீஸ் கேட்டு வந்தவர் அந்த ஐயா. தோசை மாவில் கறுப்பாக ஏதோ கலந்து ஒரு வாடிக்கையாளர் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். அவருக்குத் தேவை வருடத்துக்கு 50 கிராம். எங்களிடம் சின்னது 400 கிராம் குழாய்.

நானா உடனே ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்தார், அள்ளிக் கொடுக்க. வேண்டாம் என்றேன். டின்னை விட்டு வெளியே வந்தால் பதிவு இலக்கமும் இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை, பஞ்சிகாவத்தைப் பரலில் அள்ளியதுக்கும் இதுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. நானாவுக்குக் கோபம். "சாப்பாட்டுக் கடைக்காரன் தானா வந்து கேக்கிறான், நீ இல்லைன்னு அனுப்பச் சொல்றா." கடைசியில் ஐயாவே பெரிய குழாயை வாங்கினார், முணுமுணுத்துக்கொண்டு. எட்டு வருடத்துக்கு வரும் என்றார். அதற்குள் காலாவதித் திகதி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

போன மாதம் நானா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கொட்டாஞ்சேனையில் வேறொரு கடையின் கிரைண்டர், தண்டைச் சுற்றி மஞ்சளாகத் தேங்காயெண்ணெய். கீழே ஒரு வரி: "தம்பி, 50 கிராமில ஒண்டு செய்ய ஏலாதா கொம்பனிக்காரனுக்கு?" இறக்குமதியாளரிடம் கேட்டிருக்கிறேன். குறைந்தது ஐயாயிரம் எடுத்தால் யோசிக்கலாம் என்கிறார்கள்.